பின் சீட்டில் தியோடர்

காக்ஸ் டவுனில் தியோடர் அமல்ராஜ் குடியிருக்கும் வீட்டுக் கூடத்தின் நீளம் ஏழரை அடி. அவருடைய சைக்கிளின் நீளம் எட்டடி. ஆகவே அதன் முன் சக்கரம் எந்நேரமும் சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். அவர் மனைவி மரியா குக்கரை இறக்கித் திரும்பும்போதெல்லாம் ஹேண்டில்பார் இடுப்பில் இடிக்கும்.

"மாமியார் இல்லாத வீடுன்னு சந்தோஷமா கழுத்த நீட்டினேன். அந்தக் குறை இருக்கக் கூடாதுன்னு இத கொண்டாந்து நிறுத்திட்டீங்க" என்பாள். சொல்லிக்கொண்டே கைப்பிடித் துணியை அந்த ஹேண்டில்பாரிலேயே காயப்போடுவாள். ஒருமுறை அந்தத் துணி தேவனஹள்ளி வரை போய் ஒரு பந்தயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அது இரண்டு பேர் ஓட்டும் சைக்கிள். டேண்டம் என்பார்கள். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். இரண்டு ஜோடியையும் ஒரே செயின் இணைப்பதால் முன்னால் இருப்பவர் கால் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, பின்னால் இருப்பவர் காலும் அவ்வளவு வேகமாகத்தான் சுற்றும். பிரேக்கும் கியரும் வளைப்பதும் முன் சீட்டுக்காரர் பொறுப்பு. அவரைப் பைலட் என்பார்கள். பின் சீட்டுக்காரருக்கு மிதிப்பது ஒன்றுதான் வேலை. தியோடர் பின் சீட்டுக்காரர். அவருக்குக் கண் தெரியாது.

பிறவியில் அப்படி இல்லை. பள்ளிக்கூட நாட்களில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்து, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, இருபத்தாறு வயதில் குழாயும் அடைத்துக்கொண்டது. தனியாக அவர் கடைசியாக சைக்கிள் ஓட்டியது வீலர் ரோட்டில். ஒரு பால் வேனில் மோதினார். வேன் நின்றுகொண்டிருந்தது. பாக்கெட்டுகள் உடைந்து தலை முதல் கால் வரை பாலாக வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அவருடைய அம்மா ஒன்றும் கேட்காமல் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

இப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. ஒரு வங்கியின் புகார் பிரிவில் தொலைபேசி எடுக்கிறார். ஆத்திரத்தோடு கூப்பிடுகிறவர்கள், போனை வைக்கும்போது "நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வைப்பது அந்தப் பிரிவில் வெகு சகஜம். அவர் குரல் அப்படி.

கப்பன் பார்க்கில் ஞாயிறு காலைகளில் பார்வை இல்லாதவர்களை டேண்டத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டும் ஒரு குழு உண்டு. நான்கு வருடங்களுக்கு முன் மரியாதான் அவரைக் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விட்டாள். அன்று மூன்று பேர் அவரை ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். முதல் இருவரும் "பயப்படாதீங்க சார்" என்றார்கள். மூன்றாவது ஆள் கேட்டது வேறு.

"சார், வெயிட் எவ்ளோ இருப்பீங்க?"

"எழுபத்தெட்டு."

"அப்ப மேட்டுல திட்டுவேன். கோச்சிக்காதீங்க."

தியோடருக்கு அந்த நிமிடமே ஆளைப் பிடித்துப்போயிற்று. பெயர் அசோகன். ஸ்ரீராம்புரத்துக்காரன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறான். வாரம் மாறி வாரம் நைட் ஷிஃப்ட். அவனும் சைக்கிள் பந்தயங்களில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். பிறகு கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து தியோடர் பழைய டேண்டம் ஒன்றை வாங்க, அசோகன் அதன் முன் சீட்டில் ஏறினான். அதிலிருந்து இறங்கவே இல்லை.

இருவருக்கும் இடையே பேச்சு குறைவு. "ஹம்ப்" என்றால் இடுப்பைச் சற்றுத் தூக்க வேண்டும். "பள்ளம்" என்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். "எந்திரி" என்றால் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நின்று மிதிக்க வேண்டும். 'சார்' என்று மரியாதையாக அழைக்கும் அசோகன் மேட்டில் மட்டும் 'எந்திரி' என்று ஒருமைக்கு வந்துவிடுவான். தியோடருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மிகவும் பிடித்த சொல் அது. காதில் காற்று இரைய, தன் கால் பலத்தில் ஒரு சாலை பின்னால் போவதை உணர்வது வாரத்தின் மற்ற ஆறு நாட்களில் அவருக்குக் கிடையாது. மற்ற நாட்களில் அவர் பிறர் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். அந்த ஒரு நாள் மட்டும் இன்னொருவர் தூக்க வேண்டிய சுமையில் பாதியைத் தூக்குபவர்.

இந்த வருடம் ஜூன் முதல் அக்டோபர் வரை மாதக் கடைசி ஞாயிறில் தேவனஹள்ளிக்கு அப்பால் ஒரு பந்தயம் ஏற்பாடாகியிருந்தது. போக வர இருபது கிலோமீட்டர், கடிகாரத்தோடு ஓட்டம்; குறைந்த நேரத்தில் முடிக்கும் ஜோடிக்கு முதலிடம். டேண்டம்களுக்குத் தனிப் பிரிவு. ஐந்து சுற்றின் புள்ளிகளையும் கூட்டிக் கோப்பை கொடுப்பார்கள். லக்கேஜ் ஆட்டோவில் சைக்கிளைச் சாய்த்துக் கட்டி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இருவரும் போவார்கள்.

ஜூனில் முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடித்தார்கள். ஏழு ஜோடிகளில் முதலிடம். ஜூலையில் முப்பத்தாறு. ஆகஸ்டில் முப்பத்தேழையும் தாண்டியது.

நேரம் கூடினால் உழைப்பு போதவில்லை என்றுதான் இரண்டு பேருமே வளர்ந்திருந்தார்கள். ஜூலைச் சுற்று முடிந்ததுமே புதன்கிழமை விடியற்காலையும் ஓட்டுவது என்று முடிவாயிற்று. பிறகு வெள்ளியும் சேர்ந்தது. "ஞாயிறு ரேஸ், புதன் பயிற்சி, வெள்ளி ரெஸ்ட் ரைடு" என்று அசோகன் பிரித்தான். ரெஸ்ட் ரைடு என்றால் காலுக்கு ரத்தம் ஓட மெதுவாக உருட்டிவிட்டு வருவது. உடம்பு அதில்தான் தேறும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

ஆனால் தேறவில்லை. வங்கியில் மாடிப்படி ஏறும்போது தியோடருக்குத் தொடை கல்லாகக் கனத்தது. இடது முழங்கால் உள்ளே ஏதோ நறநறத்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. சோறு பாதியில் போதும் என்றது. ஒருநாள் புகார் சொன்ன ஒரு பெண்மணியிடம் குரலை உயர்த்திவிட்டார். அந்தப் பிரிவில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. மரியா முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி, "வாயத் தொறந்து அசோக்கிட்ட சொல்லுங்களேன்" என்றாள். அவர் சொல்லவில்லை. சொன்னால் அவன் நிறுத்திவிடுவான்.

அவருக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. அசோகன் வீட்டிலிருந்து வந்தால் சோப்பு வாசனை வரும். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்தால் மெஷின் ஆயில் வாசனை வரும். ஆகஸ்டில் அநேகமாக ஆயில் வாசனைதான். 'தூங்கலையா?' என்று கேட்டால் 'தூங்கினேன் சார்' என்பான். ஆகவே தியோடர் கேட்பதை விட்டுவிட்டார். பதிலாக, ரெஸ்ட் ரைடுகளில் கொஞ்சம் கூடுதலாக மிதித்தார். முன்னால் இருப்பவன் ராத்திரி முழுக்க நின்றவன், அவன் கால் சற்று ஓயட்டும் என்பது அவர் கணக்கு. முகத்தைப் பார்த்து உதவ முடியாதவருக்குப் பெடல் வழியாக ஒருவனுக்கு உதவ முடிகிறதே என்று அதில் ஒரு குஷியும் இருந்தது.

ஆகஸ்டுப் பந்தயம் முடிந்து லக்கேஜ் ஆட்டோவில் திரும்பும்போது, ஹெப்பாள் மேம்பாலத்து இறக்கத்தில் அசோகன் பேசினான்.

"சார், ஒண்ணு சொல்றேன். இந்த சீசன் முடிச்சிட்டு நீங்க வேற பைலட் பாருங்க."

யாராவது 'பாருங்க' என்றால் "நீயே பாத்து சொல்லிடேன்" என்று கிண்டலடிப்பது தியோடரின் வழக்கம். அன்று அந்தக் கிண்டல் வரவில்லை.

"என்னால ஆவல சார். ஜூன்ல ஃபர்ஸ்ட்டு வந்த ஆளு நீங்க. நான் இழுத்துனு போறேன் கீழ. நம்ம குரூப்புல சின்ன பசங்க நல்லா ஓட்றாங்க. சொல்லி விடறேன்."

"யோசிக்கலாம்பா" என்றார் தியோடர்.

வீட்டில் மரியாவிடம் சொன்னார். அவள் கொஞ்சநேரம் வெங்காயம் நறுக்கினாள். "நாலு வருஷமா வர்ற ஆளு. உங்க மேல சலிப்புன்னா அப்பவே சொல்லியிருக்க மாட்டானா?" என்றாள்.

"நல்லவன். சலிச்சாலும் சொல்ல மாட்டான். இப்படித்தான் பழிய தன் மேல போட்டுக்கிட்டு கழண்டுப்பான்."

அதுதான் அவரை அரித்தது. தன்னை ஏற்றிக்கொண்டு போவது அசோகனுக்கு ஒரு சேவை, சேவையில் ஆள் களைத்துவிட்டான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வேறு பைலட் கிடைப்பான். பயப்படாதீங்க சார் என்பான். 'எந்திரி' என்று சொல்ல மாட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை ரெஸ்ட் ரைடு. ஹெண்ணூர் தாண்டி பாகலூர் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னாலிருந்து ஆயில் வாசனை வந்தது. தியோடர் வழக்கம்போல மிதித்தார். ஒரு சின்ன ஏற்றத்தில் அவருடைய கெண்டைக்கால் திடீரென்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. சொல்வதற்குக் கூச்சப்பட்டு, சத்தம் போடாமல் இரண்டு காலையும் பெடலிலிருந்து கழற்றிச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். வண்டி தளரும், கொஞ்சம் நீவிவிட்டுக்கொண்டு மறுபடி மிதிக்கலாம் என்று நினைத்தார்.

வண்டி ஒரு மூச்சு நேரம் தளர்ந்தது. பிறகு பழைய வேகத்துக்கே வந்துவிட்டது. முன்னால் அசோகனின் மூச்சு கரகரவென்று ஏறியது. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. திரும்பவில்லை. இது பழக்கப்பட்ட வேலை என்பதுபோல் மொத்தச் சுமையையும் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போனான்.

தியோடர் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே சிறிது தூரம் போனார். பிறகு, "அசோகா, நிறுத்து" என்றார்.

சாலையோரம் ஒரு டீக்கடை இருந்தது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"நான் கால எடுத்தது உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"ஏன் கேக்கல?"

அசோகன் டீயை உறிஞ்சினான். "மரியாக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க. முட்டி வலி, அவரு சொல்ல மாட்டாரு, நீ கொஞ்சம் பாத்துக்கோ தம்பின்னு. நீங்க என்னடான்னா ரெஸ்ட் ரைடுல போட்டு அழுத்துறீங்க. வலியோட மிதிக்கிறாரே இந்த மனுஷன்னு எனக்கு பேஜாரா பூடும். நான் ஜாஸ்தி மிதிச்சா நீங்க கம்மி பண்ணுவீங்கன்னு ஒரு கியர் ஏத்திப்பேன். நீங்க இன்னும் அழுத்துவீங்க."

"எப்ப சொன்னா மரியா?"

"ஆகஸ்ட் ஆரம்பத்துல."

தியோடர் கையிலிருந்த கிளாசை பெஞ்சில் வைத்தார். இடம் தெரியாமல் ஓரத்தில் வைக்கப் போனதை அசோகன் நகர்த்தி உள்ளே வைத்தான்.

"நீ கியர் ஏத்துறப்பல்லாம் நான் மிதிக்கிறது பத்தலையோன்னு தோணும்" என்றார் தியோடர் மெதுவாக. "நீ ஆயில் வாசனையோட வருவ. ராத்திரி பூரா நின்னவன், இவன் கால் ஓயட்டும்னு நான் அழுத்துவேன்."

"எனக்காவா?"

"பின்ன யாருக்கு? முன்னாடி வேற யாரு இருக்கா?"

முதலில் யார் சிரித்தது என்று சொல்ல முடியாது. சிரிப்பு நிற்க நேரமாயிற்று. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏன் சார், ஜகளானா?" என்று கன்னடத்தில் கேட்டார். சண்டையா என்று கேட்கும் அளவுக்கு அந்தச் சிரிப்பு இருந்தது.

"ரெஸ்ட்டுன்னு பேரு வெச்சு ஒரு மாசமா ரேஸ் ஓட்டியிருக்கோம் சார்" என்றான் அசோகன். "ஒருத்தர ஒருத்தர் சேஸ் பண்ணினு. அதுவும் ஒரே வண்டில."

"நெஜ ரேஸ் அன்னிக்கு கால்ல சரக்கு எங்கிருந்து வரும்?"

சாலையில் முன்னால் போன வேறு யாரையும் அவர்கள் முந்தியிருக்கவில்லை. வீட்டில் பெரியவர் இரண்டாவது தோசையை வேண்டாம் என்றால் சின்னவரும் வேண்டாம் என்பாரே, அந்த மாதிரி விட்டுக்கொடுத்தே இருவரும் பட்டினி கிடந்திருந்தார்கள்.

அங்கேயே தியோடர் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் வண்டியைத் தொடுவதில்லை. பிறகு மெதுவாகத் தொடங்குவது. செப்டம்பர்ச் சுற்றுக்குப் போவதில்லை.

"கோப்பை பூடும் சார்."

"போகட்டும்."

"அதில்ல சார், நீங்க..."

"எனக்கு முட்டி வலி, உனக்குத் தூக்கம் இல்ல. இதுக்கு மேல என்ன?"

சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்கு வந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அசோகன் வாரம் மூன்று முறை வருவதற்கு இருந்த ஒரே காரணம் அந்த வண்டி. அதையும் அவரே நிறுத்திவிட்டார். ஏற்கெனவே கழன்றுகொள்ள நினைக்கிறவனுக்குக் கதவையும் திறந்துவிட்டாயிற்று. பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் விட்டதுதான்.

ஓய்வெடுக்கும் தியோடரை வீட்டில் வைத்துக்கொள்வது மரியாவுக்குப் பெரும் பாடாக இருந்தது. புதன்கிழமை விடியுமுன்பே எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளிக்கிழமை டயருக்குக் காற்று அடித்தார். அடித்த காற்றைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி கொஞ்சம் இறக்கினார். "கால ஆட்டாதீங்க. பெஞ்சே ஆடுது" என்று கோயிலில் பூசை நடுவே மரியா கிள்ளினாள். ஆனால் இரண்டாவது வாரம் மீன் குழம்புக்கு மூன்றாவது முறை சோறு கேட்டார். மாடிப்படியில் தொடை கனப்பது நின்றிருந்தது. புகார் பிரிவில் ஒருவர் போனை வைக்கும்போது, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார்.

அசோகன் போன் செய்யவில்லை. "தூங்குறானா இருக்கும்" என்றாள் மரியா. "ம்" என்றார்.

மூன்றாவது வாரத்தில் மெதுவாகத் தொடங்கலாம் என்று பேசியிருந்தார்கள். அவன் வரவில்லை. ஷிஃப்ட் மாற்றம் என்று ஒரு வரிச் செய்தி மட்டும் வந்தது. தியோடரின் கைபேசி அதை உணர்ச்சியே இல்லாத குரலில் வாசித்தது. அவர் அதை மறுபடி ஒருமுறை வாசிக்க வைத்தார்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. தேவனஹள்ளிப் பக்கம் நான்காவது சுற்று நடந்துகொண்டிருக்கும் நேரம் தாண்டி, வெயில் ஏறிய பிறகு, கதவு தட்டப்பட்டது. திறந்தது தியோடர்தான். சோப்பு வாசனை வந்தது. கூடவே மல்லிகைப்பூவும், மூடிய பாத்திரத்திலிருந்து பிரியாணி வாசனையும்.

"நான்தான். வண்டி எடுக்க வரல" என்றான் அசோகன். "சும்மா வந்தோம். பஸ்ல."

"போன் பண்ணினா நீங்க ரெஸ்ட் எடுக்காம பேசினு இருப்பீங்கன்னு பண்ணல" என்றது ஒரு பெண் குரல். அசோகனின் மனைவி சங்கமித்ரா. நான்கு வருடத்தில் அவள் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை. "நைட் ஷிஃப்ட்ட ஒரு மாசத்துக்கு மாத்தினு வந்துட்டாரு ண்ணா. மூணு வாரமா சூப்பர்வைசர் பின்னாடியே சுத்தி. இன்னிக்கு பத்து மணி வரைக்கும் தூங்கினாரு. நான் மூச்சு இருக்கான்னு தொட்டுப் பாத்தேன்."

கூடத்தில் உட்கார இடமில்லை. டேண்டத்தின் பின் சீட்டில் சங்கமித்ரா கைப்பையை மாட்டினாள். "இதானா அது" என்று சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள். "எங்க வீட்ல இவரு பேசுற பேச்சுல பாதி இதுல ஏறினு போற ண்ணா பத்தித்தான். வேற பைலட் சொல்லி விடறேன்னு சொல்லிட்டு வந்த அன்னிக்கு சாப்பிடவே இல்ல."

"ஏய், சும்மா இரு" என்றான் அசோகன்.

தியோடர் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "மரியா, தட்டு எடு" என்றார். "எடுக்கணும்னா உங்க சைக்கிள் வழி விடணும்" என்றாள் அவள்.

அக்டோபர்ச் சுற்றில் மறுபடி முப்பத்தைந்து நிமிடத்துக்குள் வந்தார்கள். ஜூன் நேரத்தைவிட ஒன்பது விநாடி மட்டும் அதிகம். அன்று இரண்டாவது இடம். ஒரு சுற்றை விட்டதால் கோப்பைப் பட்டியலில் ஐந்தாவது. கோப்பை எலகங்காவிலிருந்து வந்த ஒரு ஜோடிக்குப் போயிற்று. கடைசி மேட்டில் அசோகன் 'எந்திரி' என்று கத்தியபோது இரண்டு பேருக்கும் எழுந்திருக்கக் கால் இருந்தது. லக்கேஜ் ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அசோகன் உட்கார்ந்தபடியே தூங்கினான். தலை தியோடரின் தோளில் சாய்ந்திருந்தது. பைலட் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

சீசன் முடிந்துவிட்டது. அதற்கடுத்த புதன்கிழமை தியோடர் யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எழுந்து உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும் சத்தத்துக்கு முன்பே சோப்பு வாசனை வந்துவிட்டது.

"எடுக்கலாமா ண்ணா? இன்னிக்கு நெஜமா ரெஸ்ட் ரைடு."

ஹேண்டில்பாரிலிருந்து கைப்பிடித் துணியை எடுத்து மரியாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் போகும்போது வண்டி மிக மெதுவாக உருண்டது. பின்னாலிருந்து மணியடித்துக்கொண்டு ஒரு பழைய சைக்கிள் வந்தது. கொத்தமல்லி வாசனை வந்தது. கட்டுக் கட்டாகக் கீரை ஏற்றிய ஒருவர், "சைடு, சைடு" என்று சொல்லிக்கொண்டே நிதானமாக அவர்களைத் தாண்டிப் போனார்.

தியோடரின் பாதத்தின் கீழே பெடல் மயிரிழை அளவு இறுகியது.

"அசோகா."

"இல்ல ண்ணா. மிதிக்கல."

பெடல் தளர்ந்தது. கீரைக்காரரின் மணிச்சத்தம் தூரத்தில் தேய்ந்தது. இருவர் கால்களும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.